சாவேஸ் – டெய்லர் குத்துச்சண்டை 1990: 2 நொடி இருக்கும்போது நிறுத்தியது சரியா?

கையுறை:
1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் ஹில்டன். ஹூலியோ சீசர் சாவேஸிடம் டபிள்யூ.பி.சி. பட்டம், மெல்ட்ரிக் டெய்லரிடம் ஐ.பி.எஃப். பட்டம் (இரண்டும் குத்துச்சண்டை அமைப்புகள் தரும் உலகப் பட்டங்கள்), இரண்டுக்கும் சேர்த்து ஒரே போட்டி. 12ஆவது ரவுண்டில் கீழே விழுந்த டெய்லர் எழுந்தும் விட்டார். அப்போது போய் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் போட்டியை நிறுத்திவிட்டார், வெற்றி சாவேஸுக்குப் போனது. கடைசி மணி அடிக்க 2 நொடிதான் பாக்கி. அந்த 2 நொடி போயிருந்தால் டெய்லர்தானே ஜெயித்திருப்பார்? நடுவர் நேரத்தைப் பார்க்க வேண்டாமா?

எட்டாம்எண்:
புள்ளிக் கணக்கில் சந்தேகமே இல்லை. 11 ரவுண்டு முடிவில் புள்ளி போடும் மூன்று பேரில் ஜெர்ரி ராத் 108-101, டேவ் மொரெட்டி 107-102, இருவருமே டெய்லர் பக்கம். சக் ஜியாம்பா மட்டும் 105-104 என்று சாவேஸுக்கு. விழுந்ததற்காகக் கடைசி ரவுண்டை மூவரும் 10-8 என்று சாவேஸுக்கே கொடுத்தாலும் 116-111, 115-112 என டெய்லர் இரண்டு அட்டைகளில் முன்னால். ஒரு பட்டம் 2 நொடியில் கை மாறியது என்பது உண்மைதான்.

ஆனால் நேரம் பார்ப்பது நடுவர் வேலை இல்லை, அதற்கு டைம்கீப்பர் இருக்கிறார். விழுந்தவர் சீக்கிரம் எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணுவது கட்டாயம். அதற்குள் கண் நிலையாக நிற்கிறதா, கால் தாங்குகிறதா, கேட்டதற்குப் பதில் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஸ்டீல் எட்டு எண்ணி, நன்றாக இருக்கிறாயா என்று இரண்டு முறை கேட்டார். பதில் வரவில்லை. முதல் ரவுண்டில் இப்படி நடந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

நீலமூலை:
எட்டாம்எண் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கடைசி 10 நொடிக்கு ரிங் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஸ்டீல் அதைக் கவனிக்கவில்லை. சரி, அவர் கண் வீரர் மேல் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. என் குறை கேட்ட விதத்தில். காது அடைத்துப்போன ஆளிடம் வாயால் மட்டும் கேட்டால் போதாது. கயிற்றை விடு, என்னை நோக்கி இரண்டு அடி வா என்று சொல்லியிருக்க வேண்டும். தள்ளாடினால் நிறுத்து, நேராக வந்தால் விடு. அப்படிச் செய்திருந்தால் இத்தனை வருட வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

கையுறை:
டெய்லர் ஏன் பதில் சொல்லவில்லை?

எட்டாம்எண்:
அந்த நேரத்தில் பயிற்சியாளர் லூ டூவா ரிங் விளிம்பில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார். டெய்லரின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ரவுண்டு நடக்கும்போது மூலைக்காரர், அதாவது வீரரின் மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழுவில் ஒருவர், கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தால் வீரரையே தகுதிநீக்கம் செய்யலாம். அவர் ஏறி நின்றதே ஆபத்தான வேலை. அதைவிடப் பெரிய தப்பு 11ஆவது ரவுண்டு முடிந்ததும் நடந்தது. இந்த ரவுண்டையும் நீ ஜெயித்தாக வேண்டும் என்று மூலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கைவசம் இவ்வளவு புள்ளி இருக்கும்போது, ஜாப் (முன்கையால் தூரத்திலிருந்து நேராகக் குத்துவது) போட்டுக்கொண்டே மூன்று நிமிடம் சுற்றி வா என்று சொல்ல வேண்டிய இடம் அது. டெய்லர் போய் சாவேஸோடு நேருக்கு நேர் மோதினார். ஸ்டீலைத் திட்டுபவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

நீலமூலை:
மூலை விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். டெய்லரின் உடம்பு இருந்த நிலையையும் சேர்த்துப் பாருங்கள்: கண்குழி எலும்பு முறிவு, வாய்க்குள் வெட்டு, ரவுண்டு ரவுண்டாக விழுங்கிய ரத்தம். போட்டி முடிந்ததும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். புள்ளி அட்டையில் இது எதுவும் தெரியாது.

கையுறை, வீடியோவை மறுபடி போட்டால் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். எழுந்த பிறகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.