கிழிந்துபோன ஓரத்தில் அம்மா என்ன எழுதியிருந்தாள்?

சாத்தூர் மண்:

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். 1992, திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அம்மாவிடமிருந்து வாரம் ஒரு இன்லேண்டு வரும், 75 காசு நீலத் தாள். மேலே பிள்ளையார் சுழி, 'நலம், நலமறிய ஆவல்', மழை பெய்ததா இல்லையா, எந்த வீட்டில் என்ன விசேஷம், கடைசியில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மூன்று பக்கமும் நிரம்பிய பிறகும் அவளுக்குச் சொல்ல ஏதாவது மீதி இருக்கும், அதை ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கம் கோந்தை ஒட்டியே நுணுக்கி எழுதிவிடுவாள். இன்லேண்டு பிரித்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தை ஸ்கேல் விட்டுப் பொறுமையாகக் கிழிக்க வேண்டும். நான் மெஸ் வரிசையில் நிற்கிறேன், ஒரு கையில் தட்டு, பின்னால் ஒருவன் நகரு நகரு என்கிறான், விரலை விட்டு இழுத்துவிட்டேன். ஓரம் பிய்ந்துபோய்விட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்: "பொங்கலுக்கு வரும்போது எனக்கு ஒரு க". அதற்கு மேல் இல்லை. அடுத்த வரியில், "கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் பரவாயில்லை."

நாலு வருஷத்தில் தனக்கென்று அவள் ஒன்று கேட்டது அந்த ஒரு தடவைதான். பதில் கடிதத்தில் கேட்டிருக்கலாம். கிழித்துவிட்டேன் என்று எழுத வெட்கம், அப்புறம் மறந்துவிட்டேன், அதுதான் உண்மை. பொங்கலுக்குக் கிளம்புகிற அன்று ஞாபகம் வந்து, மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா புடவையைத் தடவிப் பார்த்தாள், நல்ல கலர் என்றாள், பிறகு என் பைக்குள் ஒரு தடவை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, பையை மடித்து ஆணியில் மாட்டினாள். அந்தக் கை பைக்குள் போய் வெறுமனே வெளியே வந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2009-ல் போய்விட்டாள். உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ரசம் பார்ட்டி:

உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று இன்லேண்டிலேயே அச்சடித்திருக்கும், எங்கம்மாவுக்கு அந்தச் சட்டமெல்லாம் செல்லாது. பரீட்சை வந்தால் மருதமலைத் திருநீறு ஒரு பொட்டலம் உள்ளே இருக்கும். சில தடவை தடிமனைப் பார்த்து டியூ போட்டுவிடுவார்கள், காசு கட்டித்தான் கடிதத்தை வாங்க வேண்டும், அதற்கே நண்பர்களிடம் கைமாற்று. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன், பொட்டலம் அவிழ்ந்து பக்கத்தில் இருந்தவனின் ரசத்தில் கொட்டிவிட்டது. அவன் கறுப்புச் சட்டைக்காரன், பெரியார் படம் ஒட்டிய அறை. என்னை ஒரு பார்வை பார்த்தான், டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அம்மா கொடுத்து விட்டதுடா, வீணாக்கக் கூடாது" என்றான். அந்த செமஸ்டரில் எங்கள் மேஜையில் அரியர் இல்லாதவன் அவன் ஒருவன்தான். நான் மூன்று பேப்பர். இந்தக் கதையை அம்மாவிடம் கடைசி வரை சொல்லவில்லை, சொன்னால் திருநீறு வீணாய்ப் போகவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

சாத்தூர் மண், மார்கழிப் பனியில் எழுதியிருக்கிறார்கள் என்றால் அது கம்பளிதான்.

எம்.ஓ. பையன்:

பாசம் பாசம் என்று எல்லோரும் உருகுகிறீர்கள், எங்கம்மா எனக்குக் கடிதமே எழுதியதில்லை. எழுதியதெல்லாம் மணியார்டர் பாரத்தின் அடியில் இருக்கிற அந்தச் சின்னத் துண்டில். மாதம் 300 ரூபாய். அதை அனுப்ப அவளுக்கு 15 ரூபாய் கமிஷன், இருபதுக்கு ஒரு ரூபாய் என்று கணக்கு. துண்டில் 'சௌக்கியமா' என்று ஒரு சொல்கூட இருக்காது. "கிடா விற்றது 220. சீட்டில் 80. கமிஷன் தனி." அவ்வளவுதான். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க வீட்ல கிடா வித்துட்டாங்களாப்பா" என்று கேட்டார், வராந்தாவில் இருபது பேர் நிற்கிறார்கள். அன்று முழுக்க அம்மா மேல்தான் கோபம். துண்டைக் கசக்கி அங்கேயே போட்டுவிட்டேன். அந்தக் கிடாவுக்கு நான்தான் பேர் வைத்திருந்தேன்.

கம்பளியாக இருக்காது. சாத்தூர் வெயிலுக்கு எதற்குக் கம்பளி?

கீரனூர் ரோடு:

எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. தெருக்கோடி வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பார், 'சிரஞ்சீவி' என்று தொடங்கி நடுவில் 'நிற்க' போட்டு எழுதுகிற ஆள். படித்தால் அம்மா பேசுவது மாதிரியே இருக்காது, ஜமீன்தார் யாரோ எழுதின மாதிரி இருக்கும். 1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி வந்தது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற இயக்கம். பகலெல்லாம் காட்டு வேலை, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் சிலேட்டு. பொம்பளைகள் சைக்கிள் விடப் பழகியதும் அந்தச் சமயத்தில்தான், எங்கம்மா சைக்கிள் பக்கம் போகவில்லை, எழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அப்போது மதுரையில் பி.எஸ்சி. ஹாஸ்டல் கடிதத் தட்டில் ஒரு 15 காசு கார்டு, கோணல்மாணலாக முகவரி, யாரோ சின்னப் பிள்ளை எழுதின மாதிரி. எனக்காக இருக்காது என்று மூன்று நாள் எடுக்கவே இல்லை. பார்த்தால் அம்மா. "மகனே நான எழுதறேன. மாடு கனனு போடடுசசு. நலலா சாபபிடு." புள்ளி ஒன்றுகூட இல்லை. அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்து, கீழே பத்துக்கு மூன்று என்று மார்க் போட்டு, கவரில் வைத்து அவளுக்கே திருப்பி அனுப்பினேன். கிண்டல்தான், வேறு ஒன்றுமில்லை, இருபது வயது. அடுத்த கடிதம் பழையபடி 'சிரஞ்சீவி' என்று ஆரம்பித்தது. லீவில் போனபோது ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "வாத்தியார் நல்லாத்தான எழுதுறாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பு ஊதப் போய்விட்டாள்.

ரசம் பார்ட்டி:

சிவப்பு மையிலா? சிவப்பு மையில் பெற்ற தாய்க்கு மார்க் போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

எம்.ஓ. பையன்:

அவர் தப்பை அவரே சொல்லியாகிவிட்டது, மறுபடி மார்க் போட நீங்கள் யார்? அடுத்தவன் ரசத்தில் திருநீறு கொட்டினவர்தானே நீங்கள்.

மொறட்டுவை 93:

எங்கட கதை கொஞ்சம் வேற மாதிரி. நான் மொறட்டுவை கம்பஸ், அம்மா யாழ்ப்பாணத்தில். தபால் எப்போது வரும் என்று சொல்ல ஏலாது, அதனால் யாராவது கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்கு வருகிறார்கள் என்றால் அவர்கள் கையில் கொடுத்து விடுவா. கொப்பித் தாள், இரண்டு பக்கமும் எழுதி, தாளிலேயே மண்ணெண்ணெய் மணக்கும். கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் இருந்து எழுதுகிற தாளில் வேறு என்ன மணக்கும்.

அப்படி வந்த ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். தமிழில் கடிதம். வாசித்துச் சிங்களத்தில் சொல் என்றார் ஒருவர். ஆடு இரண்டு குட்டி போட்டது, முருங்கை காற்றில் முறிந்துவிட்டது, நேரத்துக்குச் சாப்பிடு, எல்லாம் சொன்னேன், அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வரி: "பெரியம்மாவின் சின்னவன் போயிட்டான்." எங்கட ஆட்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும், இயக்கத்துக்குப் போயிட்டான் என்று. எனக்கு அங்கேதான், அந்த நேரம்தான் அது தெரிய வருகிறது. அவன் என்னைவிட மூன்று வயது இளையவன், என்ர பழைய சைக்கிள் அவனிடம்தான் இருந்தது. "ஒன்றுவிட்ட தம்பி வெளிநாடு போய்விட்டானாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். எந்த நாடு என்று கேட்டார். கனடா என்றேன். நல்லது என்று கடிதத்தை மடித்துத் தந்தார்.

அவனுக்குக் கனடா என்று நான் ஏன் சொன்னேனோ தெரியாது, இண்டைக்கும் அவன் நினைவு வந்தால் முதலில் பனி கொட்டுகிற ஒரு தெருவில் சைக்கிளோடு நிற்கிற மாதிரித்தான் வரும்.

பழைய நூலகர்:

என் கதை சின்னது. அம்மா எனக்கு எழுதியது மொத்தமே இரண்டு கார்டு. ஒன்று தாத்தா இறந்த செய்தி, வழக்கப்படி படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன், சாவுக் கார்டை வீட்டில் வைக்கக் கூடாது இல்லையா. இன்னொன்று இருக்கிறது.

ஆனால் இங்கே எழுதுகிற எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும், அந்தக் கடிதங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கைச் சூட்டில் ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது, தாள் உள்ளேயே கெட்டுப்போனாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது அதைவிட மோசம், சில வருஷத்தில் டேப் உரிந்து வந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாக எண்ணெய்க் கறை மாதிரி தங்கிவிடும், எழுத்தும் அதற்குள் போய்விடும். குண்டூசி, கிளிப் எதுவும் வேண்டாம், துரு ஏறும். ரப்பர் பேண்டும் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். இன்லேண்டை மடித்தே வைத்திருந்தால் மடிப்பில்தான் முதலில் விடும், ஆகவே விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் வெறும் வெள்ளைத் தாள் வைத்து, கனமான அட்டைப் பெட்டியில் வையுங்கள். செய்தித்தாள் வைக்காதீர்கள், அது பழுத்து இதையும் பழுக்க வைக்கும். பாச்சை உருண்டைக்குப் பதில் வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைத்தால் போதும், ராமபாணப் பூச்சி கிட்டே வராது, ஏடு காலத்திலிருந்து நம் ஆட்கள் செய்வதுதான். இங்க் பேனாவில் எழுதியது என்றால் ஈரக் கையால் தொடவே கூடாது. மொட்டைமாடி அறையில், பரணில் வைக்காதீர்கள், சூடு. ஸ்கேன் செய்வதாக இருந்தால் 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல், பின்பக்கத்து முகவரியையும் முத்திரையையும் சேர்த்து எடுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள், தேதி அந்த முத்திரையில்தான் இருக்கும். அப்புறம் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்யுங்கள், அசலைச் சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சம் பட்டால் இன்லேண்டின் நீலமும் போகும் எழுத்தும் போகும்.

எம்.ஓ. பையன்:

ஐயா, நான் கசக்கிப் போட்டுவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தையல் மெஷின்:

இவ்வளவு பேர் எழுதுகிறீர்கள், ஒருவருக்குமா தோன்றவில்லை? சாத்தூர் மண், அம்மாவுக்கு அப்போது என்ன வயது? நாற்பது தாண்டியிருந்தால் அது கண்ணாடி. வெள்ளெழுத்து. எங்கம்மா பையனிடம் கேட்கவே மாட்டாள், என்னிடம்தான், அதுவும் ஊசியில் நூல் கோக்கக் கொடுத்துக்கொண்டே ஒரு வருஷம் கழித்துச் சொன்னாள்.

எம்.ஓ. பையன்:

கண்ணாடியை அளவு பார்க்காமல் யாராவது வாங்கி வரச் சொல்வார்களா? கண்ணைக் காட்டாமல்?

தையல் மெஷின்:

சொல்வார்கள். திருவிழாக் கடையில் கயிற்றில் வரிசையாகத் தொங்கும், பிளாட்பாரத்திலும் விற்பான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எதில் எழுத்து தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் போனால் செலவு, வீட்டில் கேட்டால் உனக்கு என்ன படிப்பு கெட்டுப்போகிறது என்பார்கள். அதனால்தான் ஓரத்தில் எழுதியிருக்கிறாள், உங்கள் அப்பா முதல் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார் இல்லையா? மடிப்பை யார் பார்க்கப் போகிறார்கள். கடிதங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், போகப் போக எழுத்து பெரிதாகியிருக்கும்.

சாத்தூர் மண்:

அம்மாவுக்கு அப்போது 43. ஆமாம், அப்பாதான் படித்துப் பார்த்துத் தபாலில் போடுவார்.

இப்போதுதான் பெட்டியை இறக்கினேன். 91 ஜூலைக் கடிதத்தில் முதல் பக்கத்தில் 24 வரி. 92 தீபாவளிக்கு முன்னால் வந்ததில் 19. கிழிந்தது 18, அந்த ஓரத்து வரிகள் மட்டும் எப்படித்தான் அவ்வளவு நுணுக்கி எழுதினாளோ, அதிலேயே ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் வந்தது 14, எல்லாம் கோடு விட்டுக் கீழே சரிகிறது. அன்றைக்கு அவளுக்கு என்மேல் வருத்தம், அதுதான் கடிதம் சின்னதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன், பதிலும் பாதிப் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன். 93 ஆடிக்கு அப்புறம் இருக்கிற கடிதமெல்லாம் தங்கை கையெழுத்து, "அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்" என்று தொடங்குகிறது. அதில் ஒன்றிலும் மடிப்பில் எதுவும் இல்லை.

தங்கைக்கு போன் செய்து கேட்க வேண்டும். மணி பதினொன்றாகிவிட்டது, காலையில்தான்.