குளத்தடியில ரெண்டு பருந்து: தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம். இடம் முத்தையன்கட்டுக் குளத்து அலைகரை. படங்கள் வெயிலுக்கு எதிரா எடுத்தது. எல்லாமே கறுப்பாத்தான் தெரியும், நிறத்தை வைச்சு முடிவெடுக்காதேங்கோ.

முதலாவது, வெயில் ஏறினாப் பிறகு உயர வட்டமடிக்குது. செட்டையின்ர பின்விளிம்பு கறுப்பு, அதுக்கு உள்பக்கம் அகல வெள்ளைப் பட்டி. கண்ணுக்கும் சொண்டுக்கும் இடையில மஞ்சள் தோல். இது பாம்புக் கழுகுதான், இதில பெரிய சந்தேகமில்லை.

சிக்கல் ரெண்டாவதில. மருதமரத்தில அசையாமல் இருக்கிறது. நெஞ்சில கபிலக் கீறல், நீட்டு வால், பிடரியில கொண்டை. கொண்டையைப் பாத்துக் குடுமிப் பருந்து எண்டு சொல்லிப்போடலாம். ஆனால் தேன் பருந்துக்கும் சின்னக் கொண்டை வரும், நிறமும் ஒண்டுக்கொண்டு மாறும். பிரிக்கிற இடம் கால்: குடுமிப் பருந்துக்கு விரல் தொடங்கிற இடம் வரைக்கும் இறகு மூடியிருக்கும், தேன் பருந்துக்கு வெறும் மஞ்சள் கால், தலையும் புறாத்தலை மாதிரிச் சின்னன். படத்தில காலை இலை மறைக்குது! செம்பருந்துக் குஞ்செண்டு நினைக்கவேண்டாம். அதின்ர வால் நுனி வட்டம், ஆளும் சின்னன்.

பக்கத்துப் பாலையில குளவிக்கூடு இருக்கு. தேன் பருந்தெண்டால் அதுக்குள்ள இருக்கிற புழுவுக்குத்தான் வந்திருக்கும். மற்றதெண்டால் கோழிக்குஞ்சுகளை அடைக்கவேணும்.

மூண்டாம் படத்தில தலை, கழுத்து அளவைப் பெருப்பிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. பெயரோட, எந்த அடையாளத்தால எண்டும் எழுதுங்கோ.