ஷாம்பு பாக்கெட் எந்த 'பி'யில் வரும்? அசைன்மென்ட் திரும்பி வந்துவிட்டது

பிபிஏ_கடைசிபெஞ்ச்:
பிபிஏ இரண்டாம் வருஷம். மார்க்கெட்டிங் மிக்ஸுக்கு (ஒரு பொருளை விக்க எடுக்கிற முடிவுகளோட கலவை) ஒரு இந்தியப் பொருளை எடுத்து 4பி எழுதச் சொன்னாங்க, அதாவது இங்கிலீஷ்ல 'P'ல ஆரம்பிக்கிற நாலு தலைப்பு: ப்ராடக்ட் (பொருள்), ப்ரைஸ் (விலை), ப்ளேஸ் (விக்கிற இடம்), ப்ரமோஷன் (விளம்பரம், சலுகை). நான் எடுத்தது சிக் ஷாம்பு, 1999 வாக்குல 50 பைசாவுக்கு வித்த பாக்கெட். ப்ராடக்ட்: வாசனை ஷாம்பு. ப்ரைஸ்: 50 பைசா. ப்ளேஸ்: பெட்டிக்கடை. ப்ரமோஷன்: விளம்பரம், அப்புறம் காலிக் கவர் கொடுத்தா ஷாம்பு இலவசம்ங்கிற திட்டம். மேம் சிவப்பு மையில "இது மளிகைச் சீட்டு. மிக்ஸ் எங்கே?"ன்னு எழுதித் திருப்பிட்டாங்க. கீழே ரெண்டு கேள்வி வேற: சாஷே (ஒரு தடவைக்கான சின்ன பாக்கெட்) எந்த பி? காலிக் கவர் திட்டம் எந்த பி? வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும். யாராவது உதவுங்க.

நோட்ஸ்ராஜா:
சாஷேன்னா பேக்கேஜிங். பேக்கேஜிங் ப்ராடக்ட்ல வரும். இலவசம்னா ப்ரமோஷன். முடிஞ்சது. பீப்பிள் (ஆட்கள்), ப்ராசஸ் (செய்முறை), பிசிக்கல் எவிடென்ஸ் (கண்ணுக்குத் தெரியுற அடையாளம்) சேர்த்து 7பியா எழுதிடு, மார்க் கூட வரும்.

பிபிஏ_கடைசிபெஞ்ச்:
அண்ணா, அதைத்தான் எழுதியிருந்தேன். அதுதான் திரும்பி வந்துச்சு.

பழைய_லைன்ரெப்:
தம்பி, 22 வருஷம் மோட்டார் சைக்கிள்ல சரக்கு எடுத்துட்டுச் சுத்தினவன் சொல்றேன். நோட்ஸை மூடிட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போ. ஷாம்பு எங்க இருக்குன்னு பாரு. அலமாரியில இருக்காது, ஆணியில சரமாத் தொங்கும். பாட்டில் நிக்கணும்னா பலகை வேணும், அந்தக் கடையில பலகைக்கு இடம் கிடையாது. பாக்கெட்டாப் போட்டதாலதான் அந்தக் கடை உனக்குத் திறந்துச்சு. இப்ப சொல்லு, சாஷே ப்ராடக்டா, ப்ளேஸா?

இன்னொண்ணு. விலை 50 பைசான்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் எல்லாமே பின்னாலிருந்து வர்ற கணக்குதான். ஒரு பேச்சுக்கு, கடைக்காரருக்கு 6 பைசா, ஸ்டாக்கிஸ்டுக்கு (கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிற மொத்த வியாபாரி) 3 பைசான்னு வச்சுக்கோ. மீதி 41 பைசாவுலதான் கவர், ஷாம்பு, லாரி வாடகை, வரி, விளம்பரம், லாபம் எல்லாம் அடங்கணும். உள்ள எத்தனை மில்லி ஊத்தலாம்கிறதை அந்த மீதிதான் தீர்மானிக்கும். ஒரு நாணயத்துக்கு ஏத்த மாதிரி விலை வச்சுட்டா 50 பைசாவை 53 ஆக்க முடியாது, சில்லறை யார் தருவா? செலவு ஏறினா அளவுதான் குறையும். விலை பொருளை மாத்துது, பொருள் கடையை மாத்துது. உங்க மேம் கேக்கிறது இந்த இழுபறியைத்தான்.

சாக்பீஸ்_தூள்:
வகுப்பெடுப்பவள் என்ற முறையில் ஒரு சேர்க்கை. மார்க்கெட்டிங் நிர்வாகியைப் பல பொருள்களைக் கலக்கும் ஆளாக 1948-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கல்லிட்டன் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு 'மார்க்கெட்டிங் மிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவர் நீல் போர்டன். அவர் பட்டியலில் 12 அம்சங்கள் இருந்தன. அவற்றில் விலையும் பேக்கேஜிங்கும் தனித்தனி. நாலு தலைப்பாகச் சுருக்கியது 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி. அதனால் 'எந்தப் பெட்டி' என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சமையலில் புளியை எந்த டப்பாவில் வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கேற்ற உப்பு போட்டாயா என்றுதான் கேட்பார்கள்.

7பி வேண்டாம். மீதி மூன்றும் சேவைத் துறைக்காக 1981-இல் பூம்ஸும் பிட்னரும் சேர்த்தவை. சலூனுக்கு எழுது, பாக்கெட்டுக்கு எதற்கு?

காலிக் கவர் திட்டம்தான் எனக்குப் பிடித்த இடம். கடலூரில் 1983-இல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன் (சாஷேவுக்கு வழிகாட்டிய சின்னி கிருஷ்ணனின் மகன், 'சிக்' அப்பாவின் பெயர்ச் சுருக்கம்) முதலில் எந்தக் கம்பெனியின் காலிக் கவர் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். அது ப்ரமோஷன்: அடுத்தவர் வாடிக்கையாளரைத் தொட்டுப் பார்க்க வைப்பது. பிறகு சிக் கவர் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். அதன் பிறகு அது ஐந்தின் விலையில் ஆறு, அதாவது ஏறக்குறைய 17 சதவீதத் தள்ளுபடி. அதே திட்டம், ஒரு விதி மாறியதும் விலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. காலிக் கவரை எண்ணி வாங்கக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதையும் எழுது.

நோட்ஸ்ராஜா:
சரி, 7பி வாபஸ்.

பிபிஏ_கடைசிபெஞ்ச்:
லைன்ரெப் சார் சொன்னபடி கடைக்குப் போனேன். ஒரே பிராண்டுல பாட்டில் விலையையும் சாஷே விலையையும் மில்லியால வகுத்துப் பார்த்தா, சாஷேதான் மலிவு! நிறைய வாங்கினா விலை குறையணும் இல்லையா? கணக்கு தப்பா?

பழைய_லைன்ரெப்:
கணக்கு சரிதான் தம்பி. நம்ம ஊர் ஷாம்புல இது அடிக்கடி நடக்கும். பாட்டில், மூடி எல்லாத்துக்கும் காசு போகுது. அதைவிட, கம்பெனிகளுக்குள்ள சண்டை நடக்கிறது பாக்கெட்டுலதான். பாட்டில் வாங்குறவர் மில்லி கணக்குப் பாக்க மாட்டார். விவரமான குடும்பத்துல ஒரு சரத்தையே வாங்கி பாத்ரூம் ஆணியில மாட்டிடுவாங்க.

பிபிஏ_கடைசிபெஞ்ச்:
அப்டேட்: "50 பைசா என்ற முடிவு அளவைக் குறைத்தது, சிறிய அளவு பெட்டிக்கடை ஆணிக்குப் பொருந்தியது"ன்னு ஆரம்பிச்சு எழுதினேன். பட்டியலே இல்ல. மேம் வாங்கிக்கிட்டாங்க. இந்தத் தடவை சிவப்பு மையில ஒரே ஒரு வரி: "குளத்தங்கரையில் கிடக்கும் காலிக் கவர் எந்த பி?"