‘அட்ரஸபிள்’ தீ எச்சரிக்கை அமைப்புக்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளரின் மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தீ எச்சரிக்கை அமைப்பை மாற்றவிருக்கிறார்கள். குடியிருப்போருக்கான அறிவிப்பையும் காவற்பணியாளர்களுக்கான கையேட்டையும் நான் தமிழாக்கி வருகிறேன். அறிவிப்பு வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

இப்போதுள்ள அமைப்பில் ஒரு தளத்தின் புகை உணரிகள் எல்லாம் ஒரே கம்பி இணையில் கோக்கப்பட்டிருப்பதால், எது புகையை உணர்ந்தாலும் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தத் தளத்துக்குரிய விளக்கு மட்டுமே எரியும். எந்த அறை என்பதைக் கதவு கதவாகத் தேடித்தான் அறிய வேண்டும். புதிய அமைப்பில் ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. பலகை ஒவ்வொன்றையும் அதன் எண்ணால் அழைத்து நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைத்தான் ‘அட்ரஸபிள்’ என்கிறார்கள். நேர்ப்பொருளில் ‘முகவரியிடத்தக்க’ என்று எழுதிப் பார்த்தேன். அதை வாசித்த என் தாயார், தீயணைப்பு நிலையத்துக்கு நம் வீட்டு முகவரியை அனுப்பும் கருவியா என்று கேட்டார். வேறு சொல் தந்து உதவுங்கள்.

தமிழாசிரியரின் மறுமடல்

அம்மா, உங்கள் தாயாரின் கேள்வியே ‘முகவரி’யைத் தள்ளப் போதுமானது. ‘முகம்’ வடசொல்லா தென்சொல்லா என்ற பழைய வழக்கைக்கூட நாம் திறக்க வேண்டியதில்லை. ‘இடஞ்சுட்டு அமைப்பு’ எனலாம் என்பது என் கருத்து. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் தொட்டு வரும் சொல் அது. இதில் ஒரு நயமும் இருக்கிறது: சுட்டுதல் காட்டுதலாகும், சுடுதல் எரித்தலாகும், ‘சுட்டு’ என்ற வடிவமோ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. தீயைக் காட்டும் கருவிக்கு இதைவிட இயைந்த சொல் எளிதில் அமையாது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றும், இருளில் இடம் காட்ட முதலில் உதவியது தீப்பந்தமே என்றும் நான் நெடுநாளாக நம்பிவருகிறேன்.

மொழிபெயர்ப்பாளரின் பதில்

ஐயா, அந்த நயந்தான் என்னை அஞ்சவைக்கிறது. ‘இடஞ்சுட்டு’ என்பதை ‘இடத்தை எரித்து’ என வாசிக்கவும் இடமிருக்கிறது. ‘தீயினாற் சுட்டபுண்’ படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொருளே முதலில் தோன்றும். ‘இடஞ்சுட்டும்’ என்று பெயரெச்சமாக்கிவிட்டால் இந்த மயக்கம் நீங்கும். ஏனெனில் சுடுதலின் எதிர்காலப் பெயரெச்சம் ‘சுடும்’ என்றுதான் வரும்.

மின்பொறியாளரின் மடல்

இலக்கணம் சரியாக இருக்கலாம், பொருள் சரியில்லை. உணரிக்குத் தன் இடம் தெரியாது, தன் எண் மட்டுமே தெரியும். ‘47ஆம் எண் உணரி என்றால் ஒன்பதாம் தளத்து மேற்குத் தாழ்வாரம்’ என்ற பட்டியலை ஒரு மனிதர்தான் பலகையில் பதிகிறார். பழைய கட்டடங்களில் சுவரை இடித்து இரண்டு வீடுகளை ஒன்றாக்கியிருப்பார்கள். வரைபடம் ஒன்றும் தளம் வேறொன்றுமாக இருக்கும். பட்டியல் தவறினால் தீ ஓரிடத்தில் எரிய, ஆட்கள் வேறிடத்துக்கு ஓடுவார்கள். ‘இடஞ்சுட்டும்’ என்று பெயர் வைத்துவிட்டால் கருவியே எல்லாம் அறியும் என்ற நம்பிக்கை பிறக்கும்; அந்த நம்பிக்கை ஆபத்தானது. ஆகவே ‘தனியெண்’ அமைப்பு என்றே வழங்க வேண்டும்.

தமிழாசிரியரின் மறுமடல்

‘தனியெண்’ எதற்கும் பொருந்தும். பேருந்துக்கும் தனியெண் உண்டு. மேலும், ‘எச்சரிக்கை’யையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் ‘எச்சர’ என்பது விழிப்பைக் குறிக்கும். ‘அலாரம்’ என்பதோ ‘ஆயுதம் ஏந்துக’ என்ற இத்தாலிய அறைகூவலிலிருந்து வந்தது. திசைச்சொல்லுக்கு இடமளித்த தொல்காப்பியரைப் பின்பற்றி, விழிப்பைச் சொல்லும் ‘எச்சரிக்கை’யையே நாம் போற்றுவோம்.

மின்பொறியாளரின் மடல்

இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், ஐயா. உறங்குபவரை எழுப்புவதே இதன் முதற்கடமை. ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் எழும் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியே செவித்திறன் குறைந்தவர்களை நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டின, என்.எஃப்.பி.ஏ. 72 என்னும் அமெரிக்க நெறிமுறையும் உறங்கும் அறைகளுக்கு அவ்வொலியையே விதிக்கிறது. பழைய கட்டடங்களில் தாழ்வார மணி மூடிய கதவைத் தாண்டிப் படுக்கையை எட்டுவதில்லை. அறிவிப்பில் இதற்கும் ஒரு வரி தேவை. இடஞ்சுட்டுவதைப் பற்றிய என் மறுப்பு மட்டும் மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் மடல்

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் ‘இடஞ்சுட்டும்’ பக்கமே நின்றார்கள். அவர்களுள் இருவர், விவாதம் முடிந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். அறிவிப்பில் ‘இடஞ்சுட்டும் தீ எச்சரிக்கை அமைப்பு’ என்று எழுதிவிட்டேன். கையேட்டில் அதே பெயருக்கு அடியில், ‘ஒவ்வோர் உணரிக்கும் தனியெண் உண்டு, பலகையில் தோன்றும் இடப்பெயர் பட்டியலிலிருந்து வருவது’ என்று சேர்த்திருக்கிறேன்.

மின்பொறியாளரின் மடல்

ஒரு பொருளுக்கு விளக்கம் தேவைப்படும் பெயரைச் சூட்டியிருக்கிறோம் என்ற குறை எனக்கு இருக்கிறது. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அம்மா, கையேட்டில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: புதிய அமைப்பை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் உணரியிலும் புகையிட்டு, பலகையில் எழும் பெயரையும் கதவின் எண்ணையும் இருவர் ஒப்பிட வேண்டும், அது முடியும்வரை பழைய மணியைக் கழற்றக்கூடாது.