ஆனந்த் ஒரு ரகம், குகேஷ் ஒரு ரகம்: பிறவிக் குணமா, பழக்கமா?

குதிரைநடை: செஸ்ஸில் இளவயது ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடுவார். எதிராளி யோசித்துக்கொண்டிருப்பார், இவர் எழுந்து உலாத்துவார். குகேஷ் அப்படியில்லை, குடைந்து குடைந்து கணக்குப் போடுகிறவர். பார்த்ததும் பிடிபடுகிறவர்கள் ஒரு ரகம், படிப்படியாகப் போகிறவர்கள் வேறு ரகம். கூடவே பிறந்தது இது. பயிற்சியாளர் மாற்ற நினைப்பது வீண் வேலை.

பழைய மாம்பலம்: பிறவியாவது ஒன்றாவது! 1973-இல் சேஸ், சைமன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் பலகையை 5 விநாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் பாதிக்கு மேல் காய்களைச் சரியாக அடுக்கினார். அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது புதியவர் அளவுக்குத்தான் தேறினார். நீங்கள் உள்ளுணர்வு என்பது பழகிய அமைப்புகளின் சேமிப்பு, அவ்வளவுதான். ஆனந்துக்கு அது சென்னை டால் செஸ் கிளப்பில் ஆடித் தீர்த்த பிளிட்ஸ் ஆட்டங்களில், அதாவது சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டங்களில், சேர்ந்தது.

குதிரைநடை: அதே கிளப்பில் அதே பிளிட்ஸை எத்தனையோ பேர் ஆடினார்கள், சார். எல்லாரும் ஆனந்த் ஆகிவிட்டார்களா?

சந்தேகி: இரண்டு பேரும் திறமையைப் பேசுகிறீர்கள், கேள்வி பாணியைப் பற்றியது. மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து எவ்வளவு? பத்து என்றுதான் வாயில் வரும். விடை ஐந்து. ஷேன் ஃப்ரெடெரிக் 2005-இல் வெளியிட்ட சோதனையில் வரும் கணக்கு இது. பத்து என்று தோன்றுவது ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. ‘இரு, சரிபார்ப்போம்’ என்று நிற்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

பழைய மாம்பலம்: ஆளுக்கு ஆள் மட்டுமா? ஒரே ஆளிடமே நேரத்துக்கு நேரம் மாறுகிறதே. 2024 சிங்கப்பூர், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் 14-ஆவது ஆட்டம். குகேஷை எதிர்த்து ஆடிய டிங் லிரென் கணக்கில் புலி. டிராவை நோக்கிப் போன நிலையில், 55-ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. அவருடைய பிஷப் ஏ8 மூலையில் கிடந்தது. குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் கொண்டுவந்து நிறுத்த, இரண்டு பிஷப்பும் வெட்டுப்பட்டாக வேண்டும். மிச்சம் சிப்பாய்கள்தான், குகேஷுக்கு ஒன்று அதிகம். கதை முடிந்தது. இதைக் கணக்கிட டிங்குக்குத் தெரியாதா என்ன? களைப்பு!

குதிரைநடை: களைப்பு குகேஷுக்கும்தானே? அவர் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது?

பழைய மாம்பலம்: உடனே படவில்லை. முதலில் புரியவில்லை, வேறு நகர்த்தல் ஆட இருந்தேன் என்று அவரே ஆட்டம் முடிந்ததும் சொன்னார்.

குதிரைநடை: ஆடவில்லையே! கை போகும் முன் நின்றார் பாருங்கள், அதைத்தான் சுபாவம் என்கிறேன்.

சந்தேகி: சுபாவமாகவும் இருக்கலாம். ஆனால் ஆரம்ப வருடங்களில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா குகேஷைச் செஸ் இன்ஜின் (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்) பக்கமே விடவில்லை. தானாகக் கணக்குப் போட்டே வளர்ந்த பையன். அந்தப் பங்கை எப்படிக் கழிப்பீர்கள்?