அரை நூல் பட்டை அறுக்கும்போது நடுவில் மெலிந்து போகிறது, அவசரம்

தங்கச்சிமடத்தான்:
அண்ணன்மாரே, கிடார் ஓரத்தில் ஒட்டுகிற பட்டை அறுக்கிறேன். அரை நூல் கனம் வேண்டும். முனை சரியாக வருகிறது, நடுவில் காகிதமாகி விடுகிறது, கடைசிச் சாணில் முறிந்து, துண்டு என் இடுப்பை உரசிக்கொண்டு பின்சுவரில் போய்க் குத்தியது. காலையிலிருந்து பதினோரு பட்டை அடுப்புக்குப் போய்விட்டது. ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும்.

உளிச்சத்தம்:
எந்த மெஷின், என்ன மரம், பிளேடுக்கு எத்தனை பல்? ஒன்றையும் சொல்லவில்லையே தம்பி.

பாம்பன் கச்சான்:
எல்லாம் காற்றுதான். கச்சான் அடிக்கிற நாளில் பலகை உப்பு ஈரத்தைக் குடித்துவிடும். பத்து நாள் வீட்டுக்குள் அடுக்கி வைத்துவிட்டு அறுங்கள்.

உளிச்சத்தம்:
ஈரம் பட்டையை முறுக்கும், நடுவில் மட்டும் தின்னாது.

பழைய ஆசாரி:
இதே கேள்விக்கு இங்கே நாலு தடவை பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. நூல் கணக்கில் அளந்துகொண்டு கிடார் செய்ய வந்தால் இப்படித்தான். 80 பல் பிளேடு வாங்குங்கள், போதும்.

கீழக்கரை பட்டறை:
நூல் கணக்கில் என்ன குறை? நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, அரை நூல் 1.6 மில்லி. நம் பக்கத்தில் வத்தை, வள்ளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் கடலில் இறங்கின. அப்புறம், மர ரேகையோடு நீளவாக்கில் அறுக்க 80 பல் போட்டால் தூள் வெளியேறாமல் மரம் கருகிவிடும்.

தங்கச்சிமடத்தான்:
மன்னிக்கவும். மாமாவின் படகுப் பட்டறை டேபிள் சா, 10 அங்குலம், 24 பல். மரம் ஈட்டி, பழைய கட்டில் சட்டம். கைடுக்கும் (மரத்தை அணைத்துத் தள்ளுகிற நேர்சட்டம்) பிளேடுக்கும் நடுவில் பட்டை விழுகிற மாதிரி வைத்துத் தள்ளுகிறேன்.

உளிச்சத்தம்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மெல்லிய பட்டையைக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் விட்டால் தப்பிக்க இடமில்லை, பின்பக்கப் பல் தூக்கி எறியும். படகுப் பலகை அறுக்கிற மெஷினில் பிளேடு வாய், அதாவது மேஜையில் பிளேடு வெளியே வருகிற துளை, விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருக்கும், பட்டை அதற்குள் தொங்கித்தான் நடுவில் அரைபடுகிறது. மேலே ஒரு பிளைவுட் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓடுகிற பிளேடை மெதுவாக அதன் வழியாக ஏற்றுங்கள். பிளேடு அளவுக்கு மட்டும் வாய் கிடைக்கும். பட்டை எப்போதும் கைடுக்கு எதிர்ப்பக்கம் விழட்டும். அந்தப் பக்கம், பிளேடுக்கு ஒரு சாண் முன்னால், ஒரு தடுப்புக் கட்டை. ஒவ்வொரு தடவையும் கைடை நகர்த்தி மரத்தைக் கட்டையில் முட்டவிட்டுப் பூட்டி அறுத்தால் கனம் மாறாது. கட்டை பிளேடுக்கு நேராக வந்தால் மட்டும் பட்டை மாட்டிக்கொள்ளும், கவனம்.

கீழக்கரை பட்டறை:
2 மில்லியாகவே அறுங்கள். மீதிக்கு இழைப்புளித் தகட்டை நட்டமாக நிறுத்தி, கட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் பட்டையைக் கையால் இழுக்க வேண்டும், சுருள் சுருளாகச் சீவி வரும். அந்த 24 பல் பிளேடு ஒரு வெட்டுக்கு ஒரு நூல் மரத்தைத் தூளாக்குகிறது, பட்டையை விடத் தூள் அதிகம். ஈட்டி விற்கிற விலைக்கு வயிறு எரிகிறது.

பாம்பன் கச்சான்:
ஈட்டி எதற்கு? சீமைக் கருவேலம் வேலிக்கு வேலி நிற்கிறது. வைரம் பாய்ந்த கட்டை நல்ல செம்பழுப்பு, சுருங்குவதும் குறைவு. அமெரிக்காவில் அதே சாதி மரத்தில் கிடாரே செய்கிறார்கள்.

பழைய ஆசாரி:
கரிமூட்டத்துக்குப் போகிற மரத்தில் வாத்தியமா? கோணாத கட்டை மூன்றடி நீளத்துக்கு எங்கே கிடைக்கும், காட்டுங்கள் பார்ப்போம்.

பாம்பன் கச்சான்:
உங்கள் ஈட்டிக்கு 2017லிருந்து சைட்டஸ் (அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதற்கான உலக ஒப்பந்தம்) கட்டுப்பாடு, அது தெரியுமா?

கீழக்கரை பட்டறை:
செய்து முடித்த வாத்தியத்துக்கு 2019 கடைசியில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். இவர் கையில் இருப்பது பழைய கட்டில். விடுங்கள் அண்ணே.

பாம்பன் கச்சான்:
பூவரசு கூட நன்றாக இருக்கும்.

தங்கச்சிமடத்தான்:
பிளைவுட் போட்டதும் சரியாகிவிட்டது. ஒன்பதில் ஏழு தேறியது. இரண்டு என் அவசரம். நன்றி.

உளிச்சத்தம்:
நல்லது. சூடான குழாயில் வளைக்கும்போது ரேகை ஓரத்துக்கு ஓடுகிற பட்டை முதலில் முறியும், அதைத் தனியே எடுத்து வையுங்கள். போட்டோ போடுங்கள் தம்பி.

உளிச்சத்தம்:
தம்பி?