மொத்தச் சரக்குக் கப்பல்கள்: கட்டியவர்களும் ஓட்டியவர்களும் எழுதலாம்

இழையைத் தொடங்கியவர்

இரும்புத் தாது, நிலக்கரி, தானியம் ஆகியவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே ஹோல்டில் (கப்பலின் சரக்கு அறையில்) கொட்டி ஏற்றிச் செல்லும் பல்க் கேரியர்களில் உங்களுக்கு நேர்ந்த அனுபவங்களை இங்கே பகிருமாறு வேண்டுகிறேன். இத்தகைய கப்பலுக்குக் கடலில் நேரும் ஆபத்தின் பெரும்பகுதி துறைமுகத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அதை உங்கள் அனுபவம் மறுத்தாலும் எழுதுங்கள்.

கட்டுமானத் தள வெல்டிங் ஆய்வாளர்

தங்கள் எண்ணத்தை மறுக்கமாட்டேன். இன்னும் ஒரு படி பின்னே, கப்பல் கட்டும் தளத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். கப்பலை அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே உடலாக எழுப்புவதில்லை. தகடுகளை வெட்டி, விறைப்புச் சட்டங்களைப் பற்றவைத்து, தனித்தனி பிளாக்குகளாக, அதாவது பெரிய பகுதிகளாகச் செய்து, பிறகு ராட்சதக் கிரேனால் உலர்துறைக்குள் இறக்கி இணைக்கிறார்கள். பல பிளாக்குகளைத் தலைகீழாகவே கட்டுவது, வெல்டர் அண்ணாந்து பார்க்காமல் குனிந்தபடி பற்றவைப்பதற்காகத்தான். பற்றவைப்பின் தரம் அதனால் உயர்வதை ஆய்வின்போது தெளிவாகக் காணலாம்.

ஹோல்டின் குறுக்கு வடிவத்திலும் காரணம் உண்டு. கீழ்மூலைகளில் உள்ள ஹாப்பர் தொட்டிகளின் சரிவு, சரக்கை நடுவே தள்ளி, கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளுவாளி) எளிதில் அள்ள வழிசெய்கிறது. மேல்மூலைத் தொட்டிகளின் சரிவு, தானியம் ஒருபக்கமாகச் சாய்வதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த இரண்டு தொட்டிகளுக்கும் இடையே, பழைய வகைக் கப்பல்களில், கடலுக்கும் சரக்குக்கும் நடுவே இருப்பது ஒற்றைத் தகடும் அதைத் தாங்கும் பக்கச் சட்டங்களும் மட்டுமே. நிலக்கரியின் ஈரம் அரித்து, கிராப் மோதி நசுங்குவதும் அந்தச் சட்டங்களின் அடிப்பகுதிதான். பழுதுபார்க்க வந்த கப்பலொன்றில், வண்ணப்பூச்சு ஒழுங்காகத் தெரிந்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டியதும் அதன் அடிப்பகுதி துருப்படலமாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற முதன்மை அதிகாரி

ஏறத்தாழ 1,80,000 டன் சுமக்கும் கேப்சைஸ் எனும் மிகப்பெரிய வகைக் கப்பலில் பொதுவாக ஒன்பது ஹோல்டுகள் இருக்கும். தாது மிகவும் கனமானது என்பதால் 1, 3, 5, 7, 9 ஆகிய ஹோல்டுகளில் மட்டும் ஏற்றி இடையில் உள்ளவற்றைக் காலியாக விடுவது நெடுநாளைய வழக்கம். இவ்வாறு செய்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து உருளல் சற்று மென்மையாகும். ஆனால் நிறைந்த ஹோல்டுக்கும் காலி ஹோல்டுக்கும் இடையிலான தடுப்புச் சுவரின் அருகே வெட்டு விசை, அதாவது உடலை மேலும் கீழுமாக எதிரெதிராகத் தள்ளும் விசை, கூடும். வேகமான முனையங்கள் மணிக்கு 10,000 டன்னுக்கும் மேல் கொட்டும். அதே வேகத்துக்கு ஈடாக நாங்கள் பாலஸ்ட் நீரை (காலிக் கப்பலை நிலையாக வைக்கத் தொட்டிகளில் நிரப்பிய கடல்நீரை) வெளியேற்றியாக வேண்டும். பம்பு பின்தங்கினால், கப்பலின் உடல் வளையும் அளவு லோடிங் கணினியில் (சரக்கின் எடைப் பங்கீட்டால் உடலில் விழும் விசைகளைக் கணக்கிடும் கணினியில்) அனுமதித்த எல்லையை நெருங்கிவிடும்.

ஒருமுறை எங்கள் பாலஸ்ட் பம்பு உறிஞ்சும் திறனை இழந்தபோது ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். கன்வேயரை நிறுத்த முனையத்தாருக்கு மனமில்லை. பெல்ட்டில் மீதமிருக்கும் சரக்கை எங்கே கொட்டுவது என்று கோபமாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! ஆகவே ஏற்றும் திட்டம் கையெழுத்தாகும்போதே, நிறுத்தும் சமிக்ஞையையும், பெல்ட்டில் எஞ்சியிருக்கக்கூடிய டன் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இளைய அதிகாரிகளுக்குச் சொல்லிவந்தேன்.

கடலின் பங்கையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1980 செப்டம்பரில் தாதுவுடன் ஜப்பானை நோக்கிச் சென்ற ‘டெர்பிஷயர்’ என்ற கப்பல், ஒக்கினாவா அருகே சூறாவளியில் 44 பேருடன் மூழ்கியது. சிதைவு 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட பின் நடந்த ஆய்வுகள், முன்முனையின் காற்றுக் குழாய்கள் வழியே நீர் புகுந்து முகப்பு தாழ்ந்ததையும், பின்னர் ஹேட்ச் மூடிகள் (ஹோல்டின் வாயை அடைக்கும் மூடிகள்) அலையின் எடையில் உடைந்ததையும் சுட்டின. இன்று ஹோல்டுகளிலும் முன்முனை அறைகளிலும் நீர்ப்புகு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த 44 பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.

கேடட்

பயிற்சி அதிகாரியான நான் நிலக்கரிக்குப் பின் தானியத்துக்காக ஹோல்டு கழுவியவன் மட்டுமே. கடல்நீரால் அடித்து, உப்பு தங்காமல் நன்னீரால் அலசி, பில்ஜ் கிணறுகளை (ஹோல்டின் அடியில் நீர் வடியும் குழிகளை) வறளச் செய்து, கோணிச் சாக்கால் மூடிவைத்தோம். ஆய்வாளர் வந்து, எட்டாத உயரத்தில் சட்டத்தின் பின்னே ஒட்டியிருந்த ஒரு கைப்பிடிக் கரியைக் காட்டி, ஹோல்டைத் தகுதியற்றதென அறிவித்துவிட்டுப் போனார். இறங்குமுன் வாயு அளக்கும் கருவியில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு காட்டவேண்டும் என்ற கண்டிப்பின் காரணம் எனக்குப் பிறகே புரிந்தது: நிலக்கரி ஆக்சிஜனை உட்கொள்ளும், ஹோல்டில் மட்டுமன்றி, அதனை ஒட்டிய ஏணி வழியிலும் அது குறைந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற முதன்மை அதிகாரி

கேடட் தம்பி, ஈரத்தையும் கவனியுங்கள். 2015 ஜனவரியில் பாக்சைட் ஏற்றிச் சென்ற ‘பல்க் ஜூபிடர்’ கவிழ்ந்து, 19 பேரில் ஒருவரே பிழைத்தார். ஈரம் வரம்பை மீறிய நுண்துகள் சரக்கு, கப்பலின் அசைவால் குழம்பாகிப் பாயும் அல்லது நீரை மேற்பரப்பில் பிரித்துத் தேக்கும். ஐயம் எழுந்தால், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கொள்ளும் டப்பாவைப் பாதியளவு மாதிரியால் நிரப்பி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான பரப்பில் 25 முறை அடித்துப் பாருங்கள். மேலே ஈரம் மினுங்கினால் ஏற்றுவதை நிறுத்தி ஆய்வகச் சோதனை கேளுங்கள். ஈரம் தெரியவில்லை என்பது மட்டும் சரக்கு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. எனவே அனுப்புநர் தந்த ஈரப்பதச் சான்றிதழின் தேதியையும், மாதிரி எடுத்தபின் மழை பெய்ததா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.